கையை நேராக்க எவ்வளவு மயக்கம் வேண்டும்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு எலும்பு மருத்துவர் என்னை அழைத்தார். எட்டு வயதுப் பையன், பள்ளி விட்டு வந்ததும் மொட்டை மாடிப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரிலிருந்து குதித்திருக்கிறான். நான் போனபோது அவன் அம்மாவின் மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை, கவிழ்த்து வைத்த கரண்டியைப் போல வளைந்திருந்தது. யாரோ பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, கைக்கு அடியில் வைத்து, துப்பட்டாவால் அசையாமல் கட்டி அனுப்பியிருந்தார். அன்று மாலை அந்தக் கைக்குச் செய்யப்பட்ட மிக நல்ல வேலை அதுதான்.

பையனின் அப்பா என்னைக் கண்டதும் எழுந்து வந்து சொன்ன வாக்கியத்தை, பதினேழு ஆண்டுகளாக மயக்கவியல் மருத்துவராக இருக்கும் நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. "மேடம், முழு மயக்கமெல்லாம் வேண்டாம். லேசா ஒரு ஊசி போட்டு இழுத்து வச்சிடுங்க." அவர் பேசி முடிப்பதற்குள், விழுந்த பயம் தெளியட்டும் என்று ஆறரை மணிக்கு மூன்று இட்லியும் ஒரு தம்ளர் ஹார்லிக்ஸும் கொடுத்ததைப் பாட்டி பெருமையாகச் சொன்னார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தொடர்பைப் பெற்றோருக்கு விளக்குவதில்தான் என் பாதி வேலை போகிறது. "லேசான மயக்கம்" என்றால் ஆபத்தில்லாதது, "முழு மயக்கம்" என்றால் ஆபத்தானது என்று ஒரு கணக்கு எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அந்தக் கணக்கு பாதிதான் சரி. தவறாக இருக்கும் மறுபாதியில்தான் குழந்தைகள் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதலில் எலும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மயக்கம் வேண்டுமா என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. சிறுவர்களின் எலும்பு பெரியவர்களுடையதைப் போலச் சட்டென்று இரண்டாக முறிவதில்லை. காய்ந்த விறகை ஒடித்தால் தெறித்துப் பிரியும். பச்சை வேப்பங்குச்சியை ஒடித்தால் ஒரு பக்கம் நார் நாராகப் பிளந்து, மறுபக்கம் வளைந்து ஒட்டிக்கொண்டே நிற்கும். பிள்ளைகளின் முன்கை பெரும்பாலும் இப்படித்தான் உடைகிறது. இன்னும் லேசான வகையில், எலும்பின் ஓரம் சற்றுப் புடைத்துக்கொள்வதோடு சரி. அந்த வகைக்கு இழுத்து வைப்பதும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம். பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய முறிவுக்கு வெறும் துணிக்கட்டுப் போட்ட குழந்தைகளும் இறுக்கமான பட்டை வைத்துக் கட்டிய குழந்தைகளும் வலியிலும் குணமாவதிலும் ஒன்றுபோலவே இருந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "எவ்வளவு மயக்கம்" என்ற கேள்விக்கு முன்னால் "இழுத்துத்தான் ஆக வேண்டுமா" என்ற கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. முன்கையில் கட்டை விரல் பக்கம் இருக்கும் ஆர எலும்பின் வளர்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல் மணிக்கட்டை ஒட்டியுள்ள வளர்ச்சித் தட்டிலிருந்தே வருகிறது. ஆகையால் அந்த இடத்தில் சற்றுக் கோணலாகக் கூடிய எலும்பும், பத்து வயதுக்குக் கீழே என்றால், ஓரிரு ஆண்டுகளில் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து "இதை விட்டுவிடலாம்" என்று சொன்னால் அது அலட்சியம் அல்ல.

ஆனால் இந்தப் பையனின் கை விட்டுவிடக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. இழுக்க வேண்டும். இழுப்பது என்றால் என்ன என்பதை என் உடம்பே அறியும். எனக்கு ஏழு வயதில் வலது முன்கை உடைந்தபோது, எங்கள் ஊர்ப் பக்கம் கட்டுப் போடுபவர் ஒருவரிடம் தூக்கிப் போனார்கள். மாமாக்கள் நான்கு பேர் என்னைப் பாயில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் இழுத்தார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். கை கூடிவிட்டது, இன்றும் உள்ளங்கையை முழுதாக மேலே திருப்ப முடியாது என்பதைத் தவிர. வலி எப்படி இருந்தது என்பது மறந்துவிட்டது; பெரிய மாமாவின் வியர்வை என் நெற்றியில் சொட்டியது மறக்கவில்லை. மயக்கமே இல்லாமல் இழுப்பதற்கு ஆதரவாக யாராவது "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

இனி அந்த லேசான ஊசிக்கு வருவோம். கேஷுவாலிட்டியில் பிள்ளைகளுக்கு எலும்பை இழுத்து வைக்க உலகம் முழுக்க அதிகம் பயன்படும் மருந்து கேட்டமின். 1962-இல் டெட்ராய்ட்டின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. 1970-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1985 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மற்ற மயக்க மருந்துகள் மூளையை உறங்க வைக்கின்றன என்றால், இது மூளையை உடம்பிலிருந்து பிரித்து வைக்கிறது. நரம்பில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும். மூச்சு பெரும்பாலும் தானாக ஓடிக்கொண்டிருக்கும், இரத்த அழுத்தம் குறையாது, இருமலும் விழுங்கலும் ஓரளவு மிஞ்சும். இந்தக் குணங்களால்தான் அது இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறது.

பக்கத்தில் நிற்கும் அம்மாவின் கண்ணுக்கு அது எப்படித் தோன்றும் என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தை கண்ணை மூடுவதில்லை. திறந்த விழிகள் மேலே ஏதோ ஒரு புள்ளியில் நிலைத்து, மெல்ல இடமும் வலமும் துடிக்கும். எச்சில் ஊறும். கையை இழுக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரலாம், கால் தானாக மடங்கலாம். அந்த நிமிடத்தில் "வலிக்குதே, பிள்ளை முழிச்சிருக்கானே" என்று அலறாத அம்மாவை நான் கண்டதில்லை. அவனுக்கு வலி எட்டுவதில்லை, பின்னால் நினைவும் இருப்பதில்லை. ஆனால் இதை முன்கூட்டியே சொல்லாமல் மருந்து போடுகிறவர்கள் அந்தத் தாய்க்குச் செய்வது அநியாயம்.

இதற்கு மாற்றாக, வலியைத் தணிக்கும் ஃபென்டனிலும் பதற்றத்தைத் தணிக்கும் மிடாசோலமும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. 260 குழந்தைகளை வைத்து 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஃபென்டனில் பிரிவில் 25 சதவீதக் குழந்தைகளுக்கு ஆக்ஸிஜன் அளவு இறங்கியது. கேட்டமின் பிரிவில் 6 சதவீதம். எலும்பை இழுக்கும்போது குழந்தை பட்ட துன்பமும் கேட்டமினில் குறைவு. ஆனால் கேட்டமின் குற்றமற்றது என்று நினைத்துவிடக் கூடாது. கேஷுவாலிட்டிகளில் கேட்டமின் பெற்ற 8,282 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 2009-இல் வெளியான தொகுப்பாய்வில், 3.9 சதவீதம் பேருக்கு மூச்சு தொடர்பான ஏதோ ஒரு தொல்லை வந்தது. வாந்தி 8.4 சதவீதம். குரல்வளை இறுகிக் காற்றே போகாத நிலை 0.3 சதவீதம்.

ஆயிரத்தில் மூன்று என்பது காகிதத்தில் சின்ன எண். அது கண் முன்னால் நடப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து அவசரமாக அழைப்பு வந்தது. எதிர்த் தெருவில் இருந்ததால் ஓடிப் போனேன். ஆறு வயதுப் பெண் குழந்தை, முந்தைய நாளிலிருந்து சளி. கேட்டமினைப் போட்டவரும் கையை இழுத்தவரும் ஒரே மருத்துவர். உதவிக்கு ஒரு செவிலியர், அவரும் மாவுக்கட்டுத் துணியை நனைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குழந்தையின் மார்பு ஏறி இறங்கியது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. விலாவும் தொண்டைக் குழியும் உள்வாங்கின; சத்தமே இல்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரலில்தான் இருந்தது. அதன் ஒலியை யாரோ குறைத்து வைத்திருந்தார்கள். முகமூடியை இறுக்கிப் பிடித்து, தாடையை முன்னால் தள்ளி, ஆக்ஸிஜனை அழுத்தத்தோடு கொடுத்ததில் அரை நிமிடத்தில் குரல்வளை விட்டது. குழந்தை மறுநாள் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்தது மருந்தின் குற்றம் அல்ல. சளி பிடித்த குழந்தைக்குக் குரல்வளை இறுகும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பொருட்படுத்தாததும், மூச்சைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் இல்லாததும்தான் குற்றம்.

அதனால்தான் மயக்கத்தின் அளவுகளைப் படிக்கட்டாக நினைக்க வேண்டாம் என்று சொல்வேன். பதற்றம் தணிந்த நிலை, கூப்பிட்டால் பதில் சொல்லும் அரைத்தூக்கம், வலிக்கு மட்டும் அசையும் ஆழ்ந்த தூக்கம், எதற்கும் அசையாத முழு மயக்கம் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் நான்காகப் பிரித்திருக்கிறது. கேட்டமின் இந்தப் பிரிவுகளில் எதிலும் ஒழுங்காக உட்காருவதில்லை என்பது வேறு விஷயம். உண்மையில் இது சறுக்குமரம் போன்றது. நடுவில் நிறுத்திவைக்கலாம் என்று நினைத்தாலும் குழந்தை கீழ்நோக்கி வழுக்கலாம். ஒரே எடை, ஒரே அளவு மருந்து, இரண்டு குழந்தைகள் இரண்டு விதமாக உறங்குவார்கள். இழுக்கும் வலி இருக்கும்வரை மூச்சு விட்டுக்கொண்டிருந்த பிள்ளை, எலும்பு சேர்ந்து வலி தணிந்தவுடன் மூச்சை மறந்துவிடுவதும் உண்டு. அப்படி வழுக்கினால் பிடித்து மேலே கொண்டுவரத் தெரிந்த ஒருவர், வேறு வேலை எதுவும் இல்லாமல், தலைமாட்டில் நிற்க வேண்டும். அவர் இருந்தால் "லேசான" மயக்கம் பாதுகாப்பானது. இல்லையென்றால் ஆபரேஷன் தியேட்டரில் கொடுக்கும் முழு மயக்கம் அதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

முழு மயக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோர் பார்ப்பதில்லை, அதனாலேயே அச்சம். முகமூடி வழியாக செவோஃப்ளூரேனை முகரச் செய்தோ, நரம்பில் ப்ரொப்போஃபால் ஏற்றியோ உறங்க வைக்கிறோம். வாய் வழியாகத் தொண்டையில் ஒரு மென்மையான காற்றுக் குழாயை வைக்கிறோம், வயிற்றில் உணவு இருக்கலாம் என்றால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே. ஒவ்வொரு மூச்சிலும் வெளிவரும் கரியமில வாயுவைத் திரை அலையாகக் காட்டுகிறது. தசைகள் தளர்ந்துவிடுவதால் எலும்பு மருத்துவர் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சில முறிவுகளுக்கு இதைத் தவிர வழியே கிடையாது. முழங்கைக்குச் சற்று மேலே, ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் முறிவு முழுதாக விலகியிருந்தால், மேசையிலேயே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் கருவியின் கீழ் வைத்துச் சேர்த்து, தோல் வழியாகக் கம்பி செருகி நிறுத்த வேண்டும். அதைக் கேஷுவாலிட்டிக் கட்டிலில் ஒரு ஊசியோடு முடிக்கச் சொல்லிக் கேட்பதும் தவறு, ஒப்புக்கொள்வதும் தவறு. தோல் கிழிந்த முறிவும், பெரிய பையன்களின் முன்கை நடுவில் இரண்டு எலும்பும் விலகிய முறிவும் இதே கணக்குதான்.

முழு மயக்கம் மூளையைக் கெடுக்கும் என்ற பேச்சும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதன் வேர் 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கை. அது மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றியது. கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த ஒரே ஒரு முழு மயக்கம், ஐந்து வயதில் பார்த்தபோது அறிவு வளர்ச்சியைப் பாதிக்கவில்லை என்று 2019-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. எட்டு வயதுப் பையனுக்கு இருபது நிமிடம் என்றால் இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த எச்சரிக்கையின் மருந்துப் பட்டியலில் கேட்டமினும் இருந்தது என்பதை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

இப்போது பாட்டியின் இட்லிக்கு வருகிறேன். முழு மயக்கத்துக்கு முன் திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பழைய விதி. நீருக்கு ஒரு மணி நேரம் போதும் என்று ஐரோப்பியர்கள் அண்மையில் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் கை உடைந்த பிள்ளையின் வயிறு கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. வலியும் பயமும் வந்த கணத்தில் இரைப்பை மந்தமாகிவிடுகிறது. சாப்பிட்டதற்கும் விழுந்ததற்கும் இடைப்பட்ட நேரம்தான் முக்கியம். விழுந்த பிறகு சாப்பிட்டதோ அப்படியே கிடக்கும். கேஷுவாலிட்டி மருத்துவர்களுக்கும் எங்களுக்கும் இதில் பழைய வழக்கு ஒன்று உண்டு. காத்திருக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி. அதற்கு அவர்களிடம் எண்ணும் இருக்கிறது: 2016-இல் வெளியான ஒரு பெரிய பதிவேட்டில், தியேட்டருக்கு வெளியே மயக்கம் பெற்ற 1,39,142 குழந்தைகளில் 10 பேருக்குத்தான் உணவு நுரையீரலுக்குள் போயிற்று, அவர்களில் 8 பேர் விதிப்படி வெறும் வயிற்றில் இருந்தவர்கள். அந்த எண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அது தேர்ந்த குழுக்கள் எல்லாக் கருவிகளோடும் செய்த வேலையின் எண். அதை எடுத்துக்கொண்டு வந்து, மாவுக்கட்டு நனைக்கும் செவிலியர் ஒருவர் மட்டுமே இருக்கும் அறைக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

என் வழக்கம் எளிது. விரல்கள் வெளிறியிருந்தாலோ, நாடி கிடைக்காவிட்டாலோ, மரத்துப்போயிருந்தாலோ, வயிற்றில் எது இருந்தாலும் இரவோடு இரவாகச் செய்ய வேண்டும். அதற்கேற்ற முன்னேற்பாடுகளோடு முழு மயக்கம். விரல்கள் சூடாக, சிவப்பாக, அசைந்துகொண்டிருந்தால் அவசரமில்லை. இந்தப் பையன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான், ஆள்காட்டி விரலோடு வட்டம் போட்டான், விரல்களை விரித்தான். மூன்று பெரிய நரம்புகளும் சரி என்பதற்கு அது போதும். வலி மருந்து கொடுத்து, பின்பக்கம் மட்டும் மாவுப் பட்டை வைத்து, கையை உயர்த்திப் படுக்க வைத்துக் காலை வரை காத்திருப்போம் என்றேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் தியேட்டரில் என்றதும் அவர் முகத்தில் ஓடியது பில் பற்றிய கணக்கு என்று எனக்குத் தெரியும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. "முழு மயக்கம் வேண்டாம்" என்பதற்குப் பின்னால் பயத்தைவிடப் பல நேரம் பணம்தான் நிற்கிறது.

நடுவழிகளும் உண்டு என்று அவரிடம் சொன்னேன். முறிந்த இடத்தில் தேங்கிய இரத்தத்துக்குள்ளேயே லிக்னோகெயினைச் செலுத்தி மரக்க வைப்பது ஒன்று. அதோடு நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை முகரச் செய்தால், சொன்னதைக் கேட்கும் பிள்ளைகளுக்கு அதுவே போதும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த முறை கேட்டமின்–மிடாசோலத்துக்கு ஈடாக வலியைத் தணித்தது, மயக்கம் தெளிய ஆன நேரமோ சராசரி 16 நிமிடம், கேட்டமின் பிரிவில் 83. எங்கள் ஊரில் அந்த வாயுவை ஆக்ஸிஜனோடு பாதிப் பாதியாகக் கலந்து தரும் உருளை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அல்ட்ராசவுண்டில் பார்த்து அக்குளில் நரம்புகளை மரக்க வைப்பது பெரிய பிள்ளைகளுக்கு அருமையான வழி. எட்டு வயதுக்காரன் ஊசியைக் கண்டு அசையாமல் இருப்பான் என்று நம்ப முடியாது.

காலை ஏழு மணிக்குத் தியேட்டரில், 24 கிலோ எடைக்கு 36 மில்லிகிராம் கேட்டமின், வாந்திக்கு ஒன்டான்செட்ரான், பிறகு முறிந்த இடத்தில் லிக்னோகெயின். அப்பா கேட்ட அதே லேசான ஊசிதான், ஆனால் முழு மயக்கத்துக்கான அத்தனை கருவிகளும் எடுத்து வைத்த மேசைக்குப் பக்கத்தில், நான் தலைமாட்டில் நிற்க. எலும்பு மருத்துவர் முதலில் வளைவை இன்னும் கூட்டி, ஒன்றோடொன்று மாட்டியிருந்த ஓரங்கள் விடுபட்டதும் ஒரே அசைவில் சேர்த்தார். கை, கையின் உருவத்துக்கு வந்தது. சி-ஆர்மில் இரண்டு படம், மாவுக்கட்டு, மொத்தம் பன்னிரண்டு நிமிடம். தெளியும்போது பையன், சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முள்ளுக்குப் பதில் நிறைய முள் இருப்பதாகச் சொல்லிச் சிரித்தான், பிறகு கொஞ்சம் அழுதான், ஒருமுறை வாந்தி எடுத்தான். விளக்கை மங்கலாக்கி யாரும் பேசாமல் இருந்ததில் அரை மணியில் அடங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும்போது, விரல் வீங்கினாலோ நீலம் பாய்ந்தாலோ, விரலை நீட்டும்போது உயிர் போவது போல வலித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் வர வேண்டும் என்று பாட்டியிடமும் சேர்த்துச் சொன்னோம்.

ஒரு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு பத்து டிகிரி அளவுக்குச் சரிந்திருந்தது. வீக்கம் வற்றி மாவுக்கட்டு தளரும்போது இப்படி நடப்பது அபூர்வமல்ல. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "மறுபடியும் மயக்கமா, மேடம்?" என்றார். எலும்பு மருத்துவர் கோணத்தை அளந்தார், வளர்ச்சித் தட்டுக்கு உள்ள தூரத்தைப் பார்த்தார், பையனின் வயதைக் கேட்டார். "வேண்டாம். தானா நிமிர்ந்துக்கும். அடுத்த வாரம் இன்னொரு படம் எடுத்துப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தளர்ந்த கட்டை மாற்றுவதற்காக வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.